எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம்: சர்க்கரைக்கும் பிரசருக்கும் நம்பிப் போகலாமா?

போகலாம். பகலில் நேரம் ஒதுக்க முடிகிறவர் என்றால் தாராளமாகப் போகலாம். தறிக்கோ மில்லுக்கோ ஷிப்டு போகிறவர் என்றால் கொஞ்சம் சிரமம்தான். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன், அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நாங்கள் இருப்பது காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஒரு தோட்டத்துச் சாளையில், அதாவது காட்டுக்குள்ளேயே தனியாக இருக்கிற வீட்டில். எனக்குப் பால் சொசைட்டியில் டெஸ்டர் வேலை. காலையில் பால் ஊற்றி முடிந்ததிலிருந்து சாயங்காலம் மறுபடி கேன் வரும்வரை எனக்கு ஓய்வு. ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, பேங்க் எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான். நிலையம் இருக்கிற ஊரின் பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் நாளைக்கு எங்கள் சொசைட்டியில் பால் வாங்க வருகிறவர்கள்.

நோயாளி என் மாமியார். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரையும் பிரசரும் இருக்கிறது. இன்னமும் கொரங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், ஆடு மேய்க்கிறார். வேண்டாம் என்று சொன்னால் ஆடு ஏமாந்துபோகும் என்கிறார்.

முன்பெல்லாம் டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தோம். பேர் வேண்டாம். டாக்டர் கெட்டிக்காரர்தான், கைராசிக்காரர் என்று பேர் எடுத்தவர். ஆனால் அங்கே மாத்திரையைப் பட்டையிலிருந்து பிரித்துக் குட்டிக் குட்டிக் காகிதக் கவரில் போட்டு, மேலே காலை, இரவு என்று கோடு மட்டும் கிழித்துத் தருவார்கள். எது சர்க்கரைக்கு, எது பிரசருக்கு, எத்தனை மில்லிகிராம், ஒன்றும் இருக்காது. பீஸ், மருந்து, கேட்காமலே போடுகிற ஒரு சத்து ஊசி, பஸ் செலவு எல்லாம் சேர்ந்து எழுநூறு எண்ணூறு ஆகிவிடும். பிரசர் எவ்வளவுங்க என்று கேட்டால் "கொஞ்சம் ஜாஸ்தி" என்பார். எவ்வளவு ஜாஸ்தி? அது அவருக்கும் சிவன்மலை முருகனுக்கும்தான் வெளிச்சம். ஒருதடவை அத்தைக்குப் பல் பிடுங்க வேண்டி வந்தது. என்ன மாத்திரை சாப்பிடறீங்க என்று பல் டாக்டர் கேட்டார். காகிதக் கவரை நீட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மருந்து பேரைத் தெரிஞ்சுட்டு வாங்கம்மா, அப்புறம் பிடுங்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பல் வலியோடு வீடு வந்து சேர்ந்தோம்.

அதற்குப் பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாறினோம். நாத்தனாருக்கு இதில் கொஞ்சம் வருத்தம். "ஊட்டுல என்ன கொறச்சல்னு அம்மாவைக் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில கொண்டுபோய் உட்கார வெக்கறீங்க?" என்று போனில் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் அடுத்து வந்தபோது நோட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

அந்த நோட்டைப் பற்றித்தான் இந்த விமர்சனமே. தொற்றா நோய்ப் பிரிவு என்று தனியாக ஒரு மேசை, அதற்கென்று ஒரு சிஸ்டர். போனதும் முதலில் அங்கே உட்கார வைத்து பிரசர் பார்க்கிறார்கள், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள், எடை போடுகிறார்கள். எல்லாவற்றையும் தேதி போட்டு அவர்களுடைய பதிவேட்டில் ஒன்று, நம் கையில் இருக்கிற நோட்டில் ஒன்று என்று எழுதுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டரம்மா பேசுகிறார். "போன மாசம் பிரசர் 150 இருந்துச்சு, இப்ப 138, மாத்திரையைக் கூட்ட வேண்டாம்" என்று சொல்ல முடிவது அந்த நோட்டு இருப்பதால்தான். பிரசர் 140-க்கு 90-ஐத் தாண்டினால் அதிகம் என்பது எங்கள் வீட்டில் இப்போது பள்ளிக்கூடத்துப் பேத்திக்குக்கூடத் தெரியும்.

மாத்திரை பெயர் போட்ட பட்டையாகவே வருகிறது. மெட்ஃபார்மின் 500, அம்லோடிபின் 5 என்று படித்துப் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் மாநிலம் முழுக்க இருக்கிற அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. "இலவச மாத்திரைக்கு வீரியம் இருக்காது" என்று சொல்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். அத்தையின் நோட்டைப் பார்த்தால் அதற்கு ஆதாரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கிளினிக்கில் இருந்தபோது என்ன அளவு இருந்தது என்று ஒப்பிடலாம் என்றால் அவர்கள்தான் எழுதியே தரவில்லையே.

இந்த நிலையத்துக்கு நான் மனசாரக் கும்பிடு போட்டது ஒரு முள் விஷயத்தில். வழக்கமான சோதனை முடிந்து கிளம்பும்போது சிஸ்டர், "ஆத்தா, செருப்பைக் கழட்டுங்க" என்றார். அத்தைக்கு ஒரே கூச்சம். ஆடு மேய்க்கிற கால், வெடிப்பும் மண்ணுமாக இருக்கும், அதைப் போய் அந்தப் பிள்ளை கையில் பிடிப்பதா என்று இழுத்துக்கொண்டார். சிஸ்டர் விடவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நைலான் நரம்பு போல ஒன்றை எடுத்து உள்ளங்காலில் அங்கங்கே அழுத்தி, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெருவிரலுக்குக் கீழே அழுத்தியபோது அத்தை பேசாமல் இருந்தார். தெரியவில்லை. அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கறுப்புப் புள்ளி. வேலமுள், முனை ஒடிந்து உள்ளே உட்கார்ந்திருந்தது, சுற்றிலும் லேசாகச் சீழ். எத்தனை நாளாக இருக்கிறதோ, அத்தைக்கு வலியே இல்லை.

சர்க்கரை பல வருசம் இருந்தால் காலில் நரம்பு உணர்ச்சி குறைந்துபோகும், காயம் பட்டாலும் தெரியாது, ரத்த ஓட்டமும் குறைவதால் ஆறவும் ஆறாது, கடைசியில் விரலை எடுக்கிற நிலைமை வரைக்கும் போகும் என்று டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். கொரங்காடு முழுக்கக் கிளுவை வேலியும் வேலமரமும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற ஊர் இது. முள்ளை எடுத்து, கட்டுப் போட்டு, கட்டு மாற்ற வரச் சொல்லி அனுப்பினார்கள். காசு கொடுத்துப் போன இடத்தில் அத்தனை வருசத்தில் ஒருத்தரும் அத்தையின் காலைப் பார்த்ததில்லை. இப்போது தினமும் படுக்கப் போகும்முன் டார்ச் அடித்து நான் பார்க்கிறேன். வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் நீங்களும் பாருங்கள், அதற்கு எந்த ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டியதில்லை.

அடுத்தது வீடு தேடி வருகிற சேவை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். 2024-இல் ஐநா விருதுகூடக் கிடைத்தது. மகளிர் குழுவிலிருந்து எடுத்த ஒரு பெண் தன்னார்வலர் எங்கள் பக்கத்துக்கு வருகிறார். பிரசர் மெஷின், சர்க்கரை பார்க்கிற மெஷின், மாத்திரைப் பை எல்லாம் வண்டியில் இருக்கும். படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்குப் பிசியோதெரபிக்கு ஆள் வருகிறார், புண்ணுக்குக் கட்டு மாற்ற நர்ஸ் வருகிறார். இந்தப் பெண்ணுக்கு நான் எத்தனை நட்சத்திரம் கொடுத்தாலும் தகும். கிராமம் என்றால் தெருத்தெருவாக வீடு இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவில் இரண்டு காடு, இரண்டு பக்கமும் வேலி போட்ட ஒரு இட்டேரிப் பாதை, நாலு நாய். வெயிலில் எக்ஸ்எல் வண்டியை உருட்டிக்கொண்டு வருகிற அந்தப் பெண்ணுக்கு மோராவது கொடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். அவர் வரும்போது அத்தை ஆட்டுக்குப் பின்னாலேயே ஓடிவந்து அப்படியே கையை நீட்டுவார். மெஷின் 170 காட்டும். அந்தப் பெண் பதறிவிடுவார்.

"ஆத்தா, மாத்திரை போடலீங்களா?"

"போட்டேன் கண்ணு. கெடா வேலி தாண்டிருச்சு, தொரத்திட்டு வந்தேன்."

கறந்த சூட்டோடு பால்மானியை விட்டால் ஒரு அளவு, ஆறவிட்டுப் போட்டால் வேறு அளவு என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். பிரசருக்கும் அதேதான். ஐந்து நிமிசம் முதுகைச் சாய்த்து, காலைத் தொங்கவிடாமல் தரையில் ஊன்றி, பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்துக்கு இருக்க வேண்டும். அரைமணி நேரத்துக்குள் காப்பி, டீ குடித்திருக்கக் கூடாது. ஆளை உட்கார வைத்துவிட்டுத்தான் இப்போது மெஷினையே எடுக்க விடுகிறேன். அதே அத்தை, அதே மெஷின், 140-க்குள் வருகிறது. தன்னார்வலருக்கும் இது தெரியாமல் இல்லை, அவர் போக வேண்டிய சாளைகள் அத்தனை. உட்கார வைப்பது நம் வேலை என்று வைத்துக்கொண்டால் அவருக்கும் சுலபம்.

சரி, குறைக்கு வருகிறேன்.

முதல் குறை, மாத்திரையின் நிறமும் உருவமும் மாறிக்கொண்டே இருப்பது. டெண்டர் எடுக்கிற கம்பெனி மாறினால் பட்டை மாறும், அது அவர்கள் கையில் இல்லை, புரிகிறது. ஆனால் மருந்து கொடுக்கிற ஜன்னலில் ஒரு வார்த்தை சொல்லலாம் இல்லையா? எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் பிடிக்கிறார்கள். ஒருமாதம், மெட்ஃபார்மினோடு சேர்த்துக் கொடுக்கிற, சர்க்கரையை வேகமாக இறக்குகிற இன்னொரு சின்ன மாத்திரையும் பிரசர் மாத்திரையும் ஒரே மாதிரி வெள்ளையாக, ஒரே அளவாக வந்தன. அத்தை அந்தச் சர்க்கரை மாத்திரையையே இரண்டாகப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். கையெல்லாம் நடுக்கம், வேர்வை, கண் இருட்டு. சர்க்கரை இறங்கிவிட்டது. நல்ல வேளை, கூட மேய்த்துக்கொண்டிருந்தவர் மடியில் இருந்த கருப்பட்டியை வாயில் போட்டுக் காப்பாற்றினார். ஜன்னலில் போய்ச் சொன்னபோது "அடுத்த ஆள்" என்றுதான் பதில் வந்தது. இதற்கு ஒரு நட்சத்திரம் கழித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பட்டை மேலே நானே மார்க்கர் பேனாவில் படம் போட ஆரம்பித்தேன். காலை மாத்திரைக்குச் சூரியன், இரவு மாத்திரைக்கு நிலா. என் மாமனார் எம்ஜிஆர் காலத்துக் கட்சிக்காரர். "என் ஊட்டுக்குள்ள அந்தச் சின்னமா" என்று ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. சரி என்று சூரியனை அடித்துவிட்டுச் சேவல் போட்டேன். சேவல் கூவினால் விடிந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான் என் கணக்கு. மனுசர் முகம் மலர்ந்துவிட்டது. 89 தேர்தலில் ஜெயலலிதா அம்மா நின்ற சின்னமாம். எப்படியோ, இப்போது மாத்திரை குழம்புவதில்லை.

இரண்டாவது குறை ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் ஒருதடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருதடவை ரத்தம் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பஸ் நேரத்துக்கு, வெறும் வயிற்றோடு கிளம்பி, போய்ச் சேர்ந்து, லேப்பில் டோக்கன் வந்து, முதல் ரத்தம் கொடுத்து முடிக்கும்போது பத்தரை ஆகிவிடுகிறது. வயதானவருக்கு அது பெரிய பட்டினி. அங்கே நிழலில் உட்கார்ந்து சாப்பிட ஒரு திண்ணைகூட இல்லை, வேப்பமரத்தடியில் துண்டை விரித்துத்தான் தூக்குப்போசியைத் திறக்கிறோம். ரத்தம் கொடுக்கிறவர்களை மட்டும் முதலில் விட்டால் போதும், காசு பணம் செலவில்லாத மாற்றம் அது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற பரிசோதனை எங்கள் நிலையத்தில் எடுப்பதில்லை, அதற்கு டவுனுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. நட்சத்திரத்தில் பாதி அதற்குக் கழித்தேன்.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையிலேயே உறுத்துகிறது. வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். அறுபது தாண்டியவர்கள், பெண்கள், கைக்குழந்தைக்காரர்கள். நாற்பது நாற்பத்தைந்து வயது ஆம்பளை முகம் தேடினாலும் கிடைக்காது. அவர்கள் எல்லாம் தறிக்குடோனிலும் தேங்காய்க் களத்திலும் எண்ணெய் மில்லிலும் நிற்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரரே அப்படித்தான், பன்னிரண்டு மணி நேரத் தறி ஷிப்டு, ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் கூலி போச்சு. தன்னார்வலர் சாளைக்கு வருகிற நேரத்திலும் அவர் தறியில். முப்பது வயதுக்கு மேல் எல்லோரும் பிரசரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. அந்தச் சுவரைப் பகலில் பார்க்க நேரம் இருப்பவர்களுக்கு ஏற்கனவே நோட்டு இருக்கிறது. வாரத்தில் ஒருநாள், ஷிப்டு மாறுகிற சாயங்காலத்தில், ஒரு மணி நேரம் அந்தத் தொற்றா நோய் மேசையைத் திறந்து வைத்தால் பாதித் தறிக்காரர்கள் வந்துவிடுவார்கள். நான் எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

அவசரத்துக்கு எப்படி என்று கேட்பீர்கள். பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்கு முருங்கைக்காய் அறுத்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சை அடைத்தது. வாயு என்று சொல்லி இஞ்சிச் சாறு கேட்டிருக்கிறார். அவர் மகன் கேட்காமல் நேராக நிலையத்துக்குத் தூக்கிவந்தார். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே மாத்திரைகளைக் கொடுத்து, 108-இல் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். 2023 ஜூனில் ‘இதயம் காப்போம்’ என்று தொடங்கிய திட்டம் இது. ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் வேளைக்கு உண்டான கூடுதல் அளவில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள், துணை சுகாதார நிலையங்களிலும் வைத்திருக்கிறார்கள். ரத்தக் கட்டி பெரிதாகாமல் நேரத்தைச் சம்பாதித்துக் கொடுக்கிற மருந்து. மாமா இப்போது பழையபடி முருங்கைக்காய் விலையைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

108-ஐக் கூப்பிட்டால் வரத்தான் செய்கிறது, 2008-லிருந்து அதை நம்பித்தான் இருக்கிறோம். ஆனால் சாளைக்குக் கதவு எண்ணைச் சொல்லி எதுவும் ஆகாது. டிரைவர் போனில் "எந்த இட்டேரிங்க, பனமரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். போன் பண்ணின கையோடு ஒரு ஆள் டார்ச்சோடு தார் ரோட்டுக்கு ஓடிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அது மகனுக்கு ஒதுக்கின வேலை.

நடத்தை பற்றி ஒரு வரி. சிஸ்டர்கள் சத்தம் போடுவார்கள், உண்மைதான். சமவெளியில் முப்பதாயிரம் பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசாங்கக் கணக்கு. அத்தனை பேருக்கும் நடுவில் மாத்திரை போடாமல் விட்டுவிட்டு வந்து பொய் சொல்கிறவர்களையும் சமாளிக்க வேண்டும் என்றால் நானும் சத்தம் போடுவேன். அத்தையை ஒருநாள் "ஏன் ஆத்தா போன மாசம் வரல" என்று கேட்டுத் திட்டினார்கள். அத்தை அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஐந்துக்கு மூன்றரை. ஜன்னலில் ஒரு வார்த்தை பேசினால் நாலரை.

முதல்முறை போகிறவர்கள் ஆதார் அட்டை, பழைய மாத்திரைப் பட்டை, சாப்பாடு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை இல்லாமல் காகிதக் கவர்தான் இருக்கிறது என்றால் அந்தக் கிளினிக்கில் நின்று மருந்துப் பெயரை எழுதி வாங்கிக்கொண்டே கிளம்புங்கள், கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. திங்கள்கிழமை கூட்டம் தாங்காது. செவ்வாய் கர்ப்பிணிகளுக்கு, புதன் குழந்தைகள் தடுப்பூசிக்கு. எங்களுக்கு வியாழன்தான் ஒத்துவருகிறது. வெள்ளிக்கிழமையும் காலியாகத்தான் இருக்கும், ஆனால் அன்றைக்கு அத்தை மாகாளியம்மன் கோயிலை விட்டு எங்கேயும் வரமாட்டார்.